கல்கண்டு, கடலைமிட்டாய், டாஃபி: எட்டு இலக்கத்தில் உங்க லாபம் எங்கே போகுது?

போன வாரம் நம்ம சேனலில் "மாசச் சம்பளத்தோட ஒரு சின்ன எக்ஸ்போர்ட் தொழில்" வீடியோவில் எச்.எஸ். கோடு என்கிற விஷயத்தை ரெண்டே நிமிஷத்தில் தாண்டிப் போயிட்டேன். "உங்க ஏஜென்ட் பாத்துக்குவார்" என்று சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஏன் என்பதற்கு என் நண்பர் ஒருத்தரோட கதையே போதும். அவர்கிட்ட அனுமதி வாங்கித்தான் எழுதுறேன், பேர் மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டார்.

அவருக்கு 29 வயசு, சென்னையில் ஐ.டி. வேலை, சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். மூணு வருஷமா ஆர்.டி. போட்டுச் சேர்த்த 1,80,000 ரூபாயை எடுத்து, சிங்கப்பூரில் மளிகைக் கடை வச்சிருக்கிற ஒரு சொந்தக்காரருக்கு முதல் சரக்கு அனுப்பினார். கடலைமிட்டாய், கல்கண்டு, பனங்கற்கண்டு, கொஞ்சம் சாக்லேட் பூசின கடலை உருண்டை. நாலுமே இனிப்பு, நாலுமே மிட்டாய்க் கடையில் கிடைக்கிறது. அதனால இன்வாய்ஸில் நாலுக்கும் ஒரே வரி: "சுகர் கேண்டி, 1704 90 90". அந்தக் கோடும் அவர் தேடிக் கண்டுபிடிச்சது இல்லை. தெரிஞ்ச ஒருத்தரோட பழைய பில்லில் இருந்து எடுத்தது.

சரக்கு ஏற்றுமதிக்கு முன்னாடி பரிசோதனையில் நின்னுச்சு. "இதில் கல்கண்டு இருக்கே, அது சர்க்கரை ஆச்சே" என்று ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி, தாளைத் திருத்தி, கல்கண்டு மூட்டைகளை வெளியே எடுத்து, மறுபடி பேக் செய்து, கிடங்கு வாடகை கட்டி முடிக்கும்போது 41,000 ரூபாய் போச்சு. அவர் எதிர்பார்த்த மொத்த லாபமே 35,000 ரூபாய்தான்.

யாரும் அவரை ஏமாத்தலை, லஞ்சமும் கேக்கலை. எட்டு இலக்கம் தப்பு, அவ்வளவுதான். வாங்க, அந்த எட்டு இலக்கத்துக்குள்ள என்ன இருக்குன்னு மிட்டாயை வச்சே பாத்துடுவோம்.

இந்தக் கோடு எங்கிருந்து வருது?

உலக சுங்க அமைப்பு என்று ஒன்று இருக்கு, தலைமையகம் பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ். உலகத்தில் விற்கப்படும் எல்லாப் பொருளையும் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து ஒரு பட்டியல் வச்சிருக்காங்க. 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கு. 200-க்கும் மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரங்களும் இதைத்தான் பயன்படுத்துது. முதல் ஆறு இலக்கம் உலகம் பூரா ஒண்ணுதான். அதுக்கு மேல ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குச் சேர்த்துக்கலாம். நாம ரெண்டு சேர்த்து எட்டு ஆக்கியிருக்கோம், அமெரிக்கா பத்து வரைக்கும் போகுது. ஜி.எஸ்.டி. பில்லில் எச்.எஸ்.என். என்று பாக்கிறீங்களே, அதுக்கும் அடிப்படை இதே பட்டியல்தான்.

நம்ம விஷயம் 17-வது அத்தியாயம், சர்க்கரையும் சர்க்கரைப் பண்டங்களும். அதில் நாலே நாலு வீடு. 1701 என்றால் கரும்பு அல்லது பீட்ரூட் சர்க்கரை, திட வடிவில். 1702 என்றால் மற்ற சர்க்கரைகள்: குளுக்கோஸ், லாக்டோஸ், செயற்கைத் தேன், கேரமல் வகையறா. 1703 மொலாசஸ். 1704-தான் மிட்டாய். அதன் சட்ட வாசகத்தைத் தமிழில் சொன்னால்: "கோகோ இல்லாத சர்க்கரை மிட்டாய் வகைகள், வெள்ளை சாக்லேட் உட்பட".

1704-க்குள் முதல் பிரிவு 1704 10, அது சூயிங் கம். மிச்சம் எல்லாம் 1704 90. அதை இந்தியா இன்னும் பிரிக்குது: ஜெல்லி வகை 1704 90 10, பாகு காய்ச்சிச் செய்யும் கடின மிட்டாய் 1704 90 20, டாஃபி, கேரமல் வகை 1704 90 30, இது எதிலயும் வராதது 1704 90 90. நம்ம ஆளுங்க பெரும்பாலும் கடைசிக் கோட்டைத்தான் போடுவாங்க. "மற்றவை"ன்னு இருக்கே, எல்லாம் அடங்கிடும்னு ஒரு நம்பிக்கை. ஆனா முன்னாடி இருக்கிற மூணு வீட்டுலயும் இடமில்லாத ஆளுக்குத்தான் அந்த வீடு. ஆரஞ்சு மிட்டாயை அங்க கொண்டுபோய் வச்சா, "இது 20-க்கு ஏன் போகலை?" என்ற கேள்வி வரும்.

2024 டிசம்பரில் பாப்கார்ன் மீம் ஓடினது ஞாபகம் இருக்கா? ஜெய்சல்மரில் நடந்த ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்துக்கு அப்புறம், உப்பு, காரம் போட்ட பாப்கார்னுக்கு ஒரு வரி, கேரமல் பாப்கார்னுக்கு 18% வரின்னு சொன்னதும் நாடே சிரிச்சுது. நானும் ஒரு ஷார்ட்ஸ் போட்டேன், நல்ல வியூஸ். ஆனா அன்னைக்கு அவங்க சொன்ன காரணம் இதே 1704 90 90-தான்: சர்க்கரை பூசினதும் அது நொறுக்குத்தீனி வீட்டிலிருந்து கிளம்பி மிட்டாய் வீட்டுக்குக் குடிபோயிடுதுன்னு விளக்கம். சிரிச்சுட்டு நாம ஸ்க்ரோல் பண்ணிட்டோம், அதுக்குள்ள இருந்த பாடத்தை விட்டுட்டோம்.

கல்கண்டு மிட்டாயா, சர்க்கரையா?

இப்ப நண்பரோட பிரச்சினைக்கு வருவோம். இங்க தலைப்பில் இருக்கிற வார்த்தை மட்டும் போதாது. இந்தப் பட்டியலுக்கு உலக சுங்க அமைப்பே ஒரு விளக்கக் குறிப்பு நூல் வெளியிடுது. 1701-க்கான குறிப்பில், அடர்த்தியான சர்க்கரைக் கரைசலை மெதுவாகப் படிய விட்டு உருவாக்கும் பெரிய படிகங்கள் என்று ஒரு பொருளை வர்ணிச்சு, அதுவும் இங்கதான் வரும்னு எழுதியிருக்கு. நம்ம கல்கண்டு செய்யிற முறையே அதுதான். பாகில் நூலைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் படிய விடுவாங்க. வேற எதுவும் சேர்க்கிறதில்லை. ஆக கல்கண்டு என்பது உருவத்தில் பெரிசான சர்க்கரை. மிட்டாய்க் கடையில் விக்கிறதால அது மிட்டாய் ஆகிடாது.

இதில் ஒரு வேடிக்கை. ஆங்கிலத்தில் "கேண்டி" என்ற சொல்லே "கண்ட" என்ற சமஸ்கிருதச் சொல் பாரசீகம், அரபு வழியாகப் போய்ச் சேர்ந்தது. நம்ம கற்கண்டு, மிஸ்ரி எல்லாம் அந்த வம்சத்துக்கு நெருக்கமான ஆளுங்க. ஆனா உலகத்தின் முதல் கேண்டிக்கு கேண்டி வீட்டில் இடமில்லை!

சரி, 1701-க்குப் போனா என்ன நஷ்டம்? ஏற்றுமதியில் முதல் அடி. 2022 ஜூன் 1 முதல் இந்தியாவிலிருந்து சர்க்கரை ஏற்றுமதி கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கு. 1701 14 90, 1701 99 90 என்ற கோடுகளைப் பேர் சொல்லியே போட்டிருக்காங்க. அதாவது கோடு 1701 99 90-ன்னு ஆச்சுன்னா, நினைச்ச நேரத்தில் அனுப்பிட முடியாது, முன்கூட்டியே வெளிநாட்டு வர்த்தக இயக்ககத்தின் அறிவிப்பைப் படிச்சு, தேவைன்னா அனுமதி வாங்கணும். நண்பரோட சரக்கு நின்ன இடம் இதுதான். சிங்கப்பூரில் மிட்டாய்க்கும் சரி, சர்க்கரைக்கும் சரி சுங்க வரியே கிடையாது. மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியம் மாதிரி சிலதுக்குத்தான் அங்க வரி. (அந்த ஊர் ஜி.எஸ்.டி. 9% தனி.) "அங்க வரி இல்லையே, கோடு எதுவா இருந்தா என்ன?" என்று அவர் நினைச்சதில் நியாயம் இருக்கு. ஆனா கோடு தேவைப்பட்டது நம்ம கரையில்.

ரெண்டாவது அடி இறக்குமதியில், அது இன்னும் பலமா விழும். வெளிநாட்டுக் குங்குமப்பூக் கல்கண்டு, குச்சியில் படிய வச்ச கல்கண்டு எல்லாம் இப்ப இன்ஸ்டாவில் அழகா விக்குது. "நானும் ஒரு லட்சத்துக்கு இறக்கிப் பாக்கறேன்"னு ஒரு தம்பி கேட்டான். கணக்குப் போட்டுக் காட்டினேன். நீங்களும் பேனா எடுங்க.

சரக்கோட மதிப்பு, கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்து 1,00,000 ரூபாய். மிட்டாய் என்று 1704 90-ல் போட்டு, அடிப்படைச் சுங்க வரி 30% என்று வச்சுக்குவோம்: 30,000. அந்த வரியின் மேல் சமூக நல கூடுதல் வரி 10%: 3,000. இப்ப மதிப்பு 1,33,000. இதன் மேல் ஐ.ஜி.எஸ்.டி. 5%: 6,650. மொத்தம் 39,650 ரூபாய்.

அதையே சர்க்கரை என்று 1701-ல் போடுங்க. சர்க்கரை இறக்குமதி வரியை 2018 பிப்ரவரியில் 50%-லிருந்து 100% ஆக்கினாங்க. அடிப்படை வரி 1,00,000. கூடுதல் வரி 10,000. ஐ.ஜி.எஸ்.டி. 2,10,000-க்கு 5%: 10,500. மொத்தம் 1,20,500 ரூபாய். ஒரே பெட்டி, ஒரே பொருள், 80,850 ரூபாய் வித்தியாசம். குங்குமப்பூ சேர்த்திருக்கே, அப்ப மிட்டாய்தானேன்னு கேட்டான். நிறமோ மணமோ சேர்த்த சர்க்கரைக்கும் 1701-க்குள்ளேயே 1701 91 என்று ஒரு அறை இருக்கு தம்பி, அந்த வழியும் அடைபட்டுது.

இதைப் படிச்சுட்டு "அப்ப 1704-ன்னே போட்டுடலாமே"ன்னு யாருக்காவது தோணினா, கொஞ்சம் பொறுங்க, அபராதப் பகுதி கீழே வருது.

பனங்கற்கண்டு தனி ஆள்

பனங்கற்கண்டும் படிகம்தான், கிட்டத்தட்ட அதே முறைதான். ஆனா 1701-ன் தலைப்பைத் திரும்பப் படிங்க: "கரும்பு அல்லது பீட்ரூட்". பனைக்கு அங்க இடமில்லை. அதனால அது 1702-க்குப் போகுது. இந்தியப் பட்டியலில் பனைச் சர்க்கரைக்கு 1702 90 10 என்று தனிக் கோடே இருக்கு. ஆக நான் மேலே சொன்ன சர்க்கரைக் கட்டுப்பாட்டுக் கோடுகளில் இது சிக்காது. நண்பரோட சரக்கில் கல்கண்டு மூட்டைகள் வெளியே வந்தப்ப பனங்கற்கண்டு தப்பிச்சது இதனாலதான், கோட்டை மட்டும் திருத்தினார்.

ஒரு எச்சரிக்கை. சந்தையில் பனங்கற்கண்டு என்று விக்கிறதில் கரும்புச் சர்க்கரை கலந்த சரக்கு நிறைய. பில்லில் பனை, சாம்பிளில் கரும்புன்னு ஆய்வுக்கூட அறிக்கை வந்தா, அது வெறும் கோடு தகராறா நிக்காது, பொய்த் தகவல் ஆகிடும். உடன்குடி பக்கம் நேரடியா பனையேறும் குடும்பத்துக்கிட்ட வாங்கறவங்க கூட ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் எடுத்து வச்சுக்கங்க.

கோகோ ஒரு சிட்டிகை விழுந்தா...

17-வது அத்தியாயத்தின் முதல் குறிப்பே கோகோ கலந்த மிட்டாயை வெளியே தள்ளுது. எவ்வளவு கலந்தாலும் சரி, 1806, சாக்லேட் வீடு. நண்பரோட சாக்லேட் பூசின கடலை உருண்டை அங்கதான் போகணும். ஆனா வெள்ளை சாக்லேட்டில் கோகோ பவுடர் கிடையாது, கோகோ வெண்ணெய்தான் இருக்கும், அதனால சாக்லேட் என்று பேர் வச்சும் அது 1704-லயே நிக்குது. பேரைப் பாத்துக் கோடு போடாதீங்க, பின்பக்கம் இருக்கிற சேர்மானப் பட்டியலைப் பாருங்கன்னு நான் தலையில் அடிச்சுக்கிறது இதனாலதான்.

சுகர் ஃப்ரீ மிட்டாய், சுகர் ஃப்ரீ சூயிங் கம்? சர்க்கரையே இல்லாம செயற்கை இனிப்பு போட்டதுக்கு சர்க்கரை மிட்டாய்த் தலைப்பில் என்ன வேலை? அது 2106, மற்ற உணவுத் தயாரிப்புகள். நெல்லிக்காய் கேண்டி, சர்க்கரையில் ஊறி உலர்ந்த இஞ்சித் துண்டு இதெல்லாம் பாக்கெட்டில் "கேண்டி"ன்னு போட்டிருக்கும், ஆனா சர்க்கரையில் பதப்படுத்தின காய், பழம், செடிப் பாகங்களுக்கு 2006 இருக்கு.

தொண்டைக்கு இதமா விக்கிற மிட்டாய்கள் இன்னொரு கதை. சர்க்கரையும், மென்தால், யூகலிப்டஸ் சத்து மாதிரி மணப்பொருளும் மட்டும் இருந்தா அது மிட்டாய்தான், 1704. அதுக்கு மேல வேற மருந்துப் பொருளும், நோயைக் குணமாக்கும் அளவுக்குச் சேர்ந்திருந்தா 30-வது அத்தியாயம், மருந்து. சுக்கு மிட்டாய், சித்தரத்தை மிட்டாய் அனுப்ப நினைக்கிறவங்க லேபிளில் "இருமலைக் குணப்படுத்தும்"னு பெருமையா அச்சடிக்காதீங்க. நீங்களே உங்க மிட்டாயை மருந்துக் கடைக்கு அனுப்பின மாதிரி ஆகும், அப்புறம் போற நாட்டில் மருந்துக்கான அனுமதி கேப்பாங்க.

கடலைமிட்டாய்: அமெரிக்கா அனுப்பறவங்க இதைப் படிக்காம போகாதீங்க

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைச்சதுக்கு அப்புறம், "நியூ ஜெர்சிக்கு அனுப்பலாமா, டல்லாஸுக்கு அனுப்பலாமா"ன்னு நிறைய பேர் கேக்கிறீங்க. நல்ல யோசனைதான். ஆனா கடலைமிட்டாயில் எடையில் பெரும்பங்கு கடலை. அப்ப அது மிட்டாயா, கடலைத் தயாரிப்பா?

இந்த மாதிரி ரெண்டு பக்கமும் இழுக்கிற பொருளுக்குன்னே ஆறு பொது விதிகள் இருக்கு. முதல் விதி: தலைப்பு வாசகமும் அத்தியாயக் குறிப்பும்தான் சட்டம், அதிலேயே முடிவாச்சுன்னா அதோட நிறுத்து. முடிவாகலைன்னா மூணாவது விதி. அது மூணு படி: குறிப்பான தலைப்பு பொதுவான தலைப்பை ஜெயிக்கும்; அதிலயும் தீரலைன்னா பொருளோட முக்கிய இயல்பை எது தருதோ அது; அதுவும் தெரியலைன்னா எண் வரிசையில் கடைசியா வர்றது. நாலாவது, அஞ்சாவது, ஆறாவது விதிகளை இப்ப விட்டுடுவோம், அஞ்சாவது மட்டும் பின்னாடி வரும்.

கடலைமிட்டாயில் வெல்லப்பாகைப் பதம் பாத்துக் காய்ச்சி, கடலையைக் கொட்டிக் கிளறி, தட்டில் பரப்பி வெட்டறோம். பாகு இல்லைன்னா அது துண்டா நிக்காது. வாங்கறவரும் இனிப்புன்னுதான் வாங்கறார். 1704-க்கான விளக்கக் குறிப்பிலும் பருப்பு சேர்ந்த நூகா, சர்க்கரை பூசின பாதாம் மாதிரி பண்டங்கள் இருக்கு. அதனால 1704 என்று வாதாட நல்ல அடிப்படை இருக்கு. ஆனா வறுத்த கடலையில் லேசா சர்க்கரையைத் தூவி டப்பாவில் அடைச்சா? அது 2008 பக்கம் சாயும், கடலைத் தயாரிப்பு.

இந்தச் சாய்வோட விலை என்னன்னு பாருங்க. அமெரிக்கப் பட்டியலில் சில்லறை விற்பனைக்கு பேக் செய்த சர்க்கரை மிட்டாய் 1704.90.35, அடிப்படை வரி 5.6%. கடலைத் தயாரிப்பு 2008.11, அங்க கோட்டா முறை. கோட்டாவுக்குள்ள இருந்தா கிலோவுக்கு சில சென்ட். கோட்டா தாண்டினா 131.8%. எழுத்துப்பிழை இல்லை, நூத்தி முப்பத்தொண்ணு புள்ளி எட்டு. அமெரிக்கா தன் நாட்டுக் கடலை விவசாயிக்குப் போட்டிருக்கிற வேலி அது. 10,000 டாலர் சரக்குக்கு ஒரு கோட்டில் 560 டாலர், இன்னொரு கோட்டில் 13,180 டாலர் வரைக்கும். இது அடிப்படை வரி மட்டும். நாட்டு வாரியா மேலே போடுற கூடுதல் வரிகள் மாறிக்கிட்டே இருக்கு, சரக்கு கிளம்புற வாரத்தில் பாத்துக்கங்க.

"நான் சின்னச் சின்ன பார்சலாத்தானே அனுப்புவேன்" என்கிறவங்களுக்கு: 800 டாலருக்குக் கீழே வரியில்லைங்கிற சலுகையை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுக்கும் எடுத்துடுச்சு. பழைய வீடியோக்களில் (என்னோடதிலும்தான்) அந்தச் சலுகையைச் சொல்லியிருப்பாங்க, நம்பாதீங்க.

ஐரோப்பா இன்னும் சுவாரஸ்யம். அங்க மிட்டாய்க்கு 9% அடிப்படை வரி, அதோட விவசாயக் கூறு என்று ஒன்று. அது உங்க சமையல் குறிப்பைப் பொறுத்தது! பால் கொழுப்பு எவ்வளவு, பால் புரதம் எவ்வளவு, மாவுச்சத்து எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று நாலு அளவையும் ஒரு அட்டவணையில் தேடினா 7-ல் ஆரம்பிக்கிற நாலு இலக்கக் கூடுதல் கோடு வரும், வரி அதைப் பொறுத்து மாறும். மியூர்சிங் கோடு என்று பேர். பால்கோவா டாஃபி மாதிரி ஏதாவது அனுப்ப நினைச்சா, சேர்மான சதவீதத்தைக் கையில் வச்சுக்கிட்டுத்தான் விலை பேசணும். பாட்டி கைப்பக்குவம்னு சொன்னா அங்க நடக்காது.

எவர்சில்வர் டப்பா ஆசை

தீபாவளி ஹாம்பர் போடறவங்களுக்கு ஒரு வார்த்தை. மிட்டாயை அட்டைப்பெட்டியிலோ சாதாரணத் தகர டப்பாவிலோ போட்டா, டப்பாவும் மிட்டாயோட கோட்டிலேயே போயிடும், அஞ்சாவது விதி. ஆனா நல்ல எவர்சில்வர் சம்படத்தில் போட்டு "மிட்டாய் தீர்ந்ததும் அடுக்களையில் வச்சுக்கலாம்"னு விளம்பரம் செய்தீங்கன்னா, அது திரும்பத் திரும்ப உபயோகிக்கிற பாத்திரம். அந்தச் சலுகை கட்டாயம் கிடைக்கும்னு சொல்ல முடியாது, பாத்திரத்துக்குத் தனிக் கோடு கேக்கலாம். இன்வாய்ஸில் தனி வரியாவே போட்டுடறது நல்லது.

தப்பாப் போட்டா என்ன ஆகும்?

நம்ம நாட்டில் சுங்க வரி சுயமதிப்பீடு. கோடு போடறது உங்க பொறுப்பு, ஏஜென்ட் பேர்ல தள்ள முடியாது. இறக்குமதியில் வரி குறைவாக் கட்டியிருந்தா ரெண்டு வருஷம் வரைக்கும் நோட்டீஸ் வரலாம். வேணும்னே பொய் சொன்னதாவோ மறைச்சதாவோ கருதினா அஞ்சு வருஷம். வட்டி ஆண்டுக்கு 15%. வேணும்னே செய்த கேஸில் அபராதம், பாக்கி வரிக்குச் சமமான தொகை.

மேலே போட்ட கல்கண்டு கணக்கையே எடுங்க. 80,850 ரூபாய் குறைவாக் கட்டினது நாலு வருஷம் கழிச்சு மாட்டினா: வட்டி மட்டும் 48,510. அபராதம் இன்னொரு 80,850. மொத்தம் 2,10,210 ரூபாய், ஒரு லட்ச ரூபாய்ச் சரக்குக்கு. அதுக்குள்ள நீங்க அந்தத் தொழிலையே விட்டுட்டு கல்யாணம் முடிச்சு ஹோம் லோன் கட்டிக்கிட்டிருப்பீங்க, அப்ப இந்த நோட்டீஸ் வரும். கிரெடிட் கார்டு வட்டி 40%ன்னு பயப்படற நாம இதையும் கணக்கில் எடுத்துக்கணும்.

நேர்மையான தப்பா இருந்தா, நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி நீங்களே போய் வித்தியாசத்தையும் வட்டியையும் கட்டிட்டா அபராதம் இல்லாம முடியும். நிறைய பேருக்கு இது தெரியறதில்லை.

எங்கே தேடறது?

நம்ம இறக்குமதி வரிக்கு ஐஸ்கேட் தளத்தில் கணக்கி இருக்கு. அமெரிக்காவுக்கு அவங்க வர்த்தக ஆணையத்தின் பட்டியல் இணையத்தில் இலவசம். எனக்கு ரொம்பப் பிடிச்சது அமெரிக்க சுங்கத்துறையோட பழைய தீர்ப்புத் தொகுப்பு, கிராஸ் என்று பேர். "பீனட் பிரிட்டில்" என்று தட்டினா, சேர்மானம் இத்தனை சதவீதம், பேக்கிங் இப்படி, அதனால கோடு இதுன்னு வரி வரியா எழுதியிருப்பாங்க. ராத்திரி ஒரு மணிநேரம் அதை மட்டும் படிங்க, உங்க பொருளுக்கு என்ன கேள்வி வரும்னு தெரிஞ்சிடும். தெளிவு வேணும்னா அவங்ககிட்டயே முன்கூட்டித் தீர்ப்பு கேக்கலாம், கட்டணம் இல்லை. நம்ம நாட்டிலும் டில்லி, மும்பையில் சுங்க முன்தீர்ப்பு ஆணையம் இருக்கு. பெரிய அளவில், திரும்பத் திரும்ப இறக்குமதி செய்யறவங்களுக்கு அது பிரயோஜனம். ஒரு பெட்டி, ரெண்டு பெட்டிக்கு நல்ல கஸ்டம்ஸ் புரோக்கர்கிட்ட எழுத்தில் கருத்து வாங்கினா போதும். எழுத்தில். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் எல்லாம் கணக்கில் வராது.

அவர்கிட்டப் போகும்போது "மிட்டாய் அனுப்பறேன்"னு மட்டும் போகாதீங்க. சேர்மானம் எடைச் சதவீதத்தில், செய்முறை அஞ்சாறு வரியில், லேபிள் போட்டோ, ஒரு பாக்கெட்டோட எடை. இந்த நாலும் இருந்தா பாதி வேலை முடிஞ்சுது.

ஜி.எஸ்.டி. பத்தி ஒரு வரி: 2025 செப்டம்பர் 22-க்கு முன்னாடி பாகு மிட்டாய்க்கு 12%, மற்ற மிட்டாய்க்கு 18%னு உள்ளூரிலேயே கோடு சண்டை இருந்துச்சு, இப்ப ரெண்டும் 5%. அதனால உள்ளூர் வியாபாரத்தில் இந்தத் தலைவலி குறைஞ்சிருக்கு. ஜி.எஸ்.டி. பதிவு வச்சிருக்கிறவங்க இறக்குமதியில் கட்டின ஐ.ஜி.எஸ்.டி.யை வரவு எடுத்துக்கலாம். பதிவு இல்லாம செய்தா அதுவும் உங்க செலவுதான், சுங்க வரியோ எப்படிப் பாத்தாலும் திரும்பி வராது.

நண்பர் இப்ப ரெண்டாவது சரக்கு அனுப்பிட்டார். கல்கண்டு இல்லை. கடலைமிட்டாய் 1704 90 90, பனங்கற்கண்டு 1702 90 10, சாக்லேட் உருண்டை 1806, மூணும் இன்வாய்ஸில் தனித்தனி வரி, ஒவ்வொண்ணுக்கும் சேர்மானத் தாள் பின்னால் இணைப்பு. கோடு பாக்க புரோக்கருக்குத் தனியா 3,000 ரூபாய் கொடுத்தார். சரக்கு எங்கயும் நிக்கலை. லாபம் 22,000 ரூபாய் வந்துது. முதல் தடவை விட்ட 41,000-த்தில் இன்னும் 19,000 பாக்கி இருக்குன்னு எக்செல் ஷீட்டில் சிவப்புக் கலரில் போட்டு வச்சிருக்கார்.